ஆலோசனை ஓரிடம், பணம் வேறிடம்



இக்கட்டுரையைப் பிறர் மீது குற்றம் சாட்டித் தொடங்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில், அப்போது பன்னிரண்டு வயதான என் மகளை எங்கள் ஊர்ப் புத்தகக் கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். ஒரே மனிதர் நடத்தும் சிறிய கடை. புதிதாக வந்தவற்றில் பிள்ளைக்கு ஏற்றது ஏதேனும் உண்டா என்று கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லாமல் மகளிடம் திரும்பினார். கடைசியாக முழுவதும் படித்து முடித்த புத்தகம் எது, எதைப் பாதியில் மூடி வைத்தாய், ஏன் மூடினாய் என்று கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்ன பதில்களைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்று புத்தகங்களை எடுத்தார். இரண்டை அவள் கையில் கொடுத்தார். மூன்றாவதைத் தாமே மீண்டும் அலமாரியில் வைத்துவிட்டு, "இதுவும் நல்ல புத்தகம்தான் பாய். ஆனால் பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடம் போகட்டும்" என்றார்.

விற்றிருக்கக் கூடிய ஒரு புத்தகத்தை, பிள்ளையின் நலன் கருதி விற்காமல் வைத்த மனிதர் அவர். அவருக்கு நான் செய்தது என்ன தெரியுமா? இரண்டு அட்டைகளையும் கைப்பேசியில் படம் பிடித்தேன். "பிறகு வருகிறோம்" என்று சொல்லி வெளியேறினேன். வீட்டுக்கு வந்து அவ்விரண்டு நூல்களையும் இணையத்தில் தேடி, தள்ளுபடி விலையில் வரவழைத்தேன். 90 ரூபாய் மிச்சம். பொட்டலம் வந்த அன்று மகள் கேட்டாள்: "வாப்பா, அந்தக் கடைக்காரர்தானே இதைச் சொன்னார்? அவருக்கு நாம் ஒன்றுமே கொடுக்கவில்லையா?"

அக்கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களில் பலரிடமும் இருக்காது என்றே அஞ்சுகிறேன். ஏனெனில் இது என் ஒருவனின் வழக்கம் அன்று. கடையில் ஆலோசனை, இணையத்தில் கொள்முதல்; அல்லது கடையில் பெயரைத் தெரிந்துகொண்டு, குடும்பக் குழுவில் யாரிடமாவது பி.டி.எஃப். இருக்கிறதா என்று கேட்பது. இது சாமர்த்தியம் என்று நம்முள் பேசப்படுகிறது. இது சாமர்த்தியம் அல்ல, பிறர் உழைப்பை விலையின்றி எடுத்துக்கொள்ளுதல் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கடைக்காரர் எதை விற்கிறார்?

பெரிய நிறுவனம் எதையும் சாராமல் தனித்தியங்கும் புத்தகக் கடையில் இரண்டு சரக்குகள் உள்ளன. ஒன்று, அலமாரியில் இருக்கும் நூல். மற்றொன்று, இந்த நூல் இன்னாருக்குப் பொருந்தும், இன்னாருக்குப் பொருந்தாது என்னும் அவருடைய அறிவு. முதலாவதற்கு விலை அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டாவதற்கு விலை கிடையாது. ஆனால் அது இலவசமாக விளைவதும் இல்லை. இரவில் கடையை அடைத்த பின் அவர் படித்த பக்கங்கள், பல ஆண்டுகளாக வாடிக்கையாளர் முகங்களைப் பார்த்துப் பெற்ற பட்டறிவு, விற்காமல் தேங்கிய பிரதிகளால் பட்ட நட்டம் ஆகியவை சேர்ந்ததே அந்த அறிவு. அச்சிட்ட விலையில் பதிப்பகம் அவருக்குத் தரும் கழிவு ஒன்றிலிருந்துதான் கடை வாடகை, மின்கட்டணம், உதவியாளர் சம்பளம், அவர் வீட்டு அடுப்பு எல்லாம் நடைபெற வேண்டும். அந்தக் கழிவையும் வாங்குபவருக்கே விட்டுக்கொடுக்கும் வலிமை பெருநிறுவனத்துக்கு உண்டு. நூறு வேறு பொருள்களில் அது ஈட்டிக்கொள்ளும். இவருக்கு நூல்களைத் தவிர வேறு வழியில்லை.

ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்னும் கருத்தை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். இந்த நபிமொழியை நாம் பெரும்பாலும் திருமணப் பேச்சின்போது மட்டும் நினைவுகூர்கிறோம். பிள்ளையின் உள்ளத்துக்குள் எது செல்லலாம் என்று சொல்பவரும் ஆலோசகர்தாம். எங்கள் ஊர்க் கடைக்காரர் அந்த அமானிதத்தை நிறைவேற்றினார். மூன்றாவது புத்தகத்தை அலமாரியில் திரும்ப வைத்த அந்தக் கை அதற்குச் சாட்சி. அமானிதத்தை நிறைவேற்றியவருக்கு நம் தரப்பில் கடமை ஒன்றும் இல்லையா? உழைத்தவரின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடும்படி ஏவப்பட்ட உம்மத் அல்லவா நாம்?

இங்கே ஒரு விளக்கம் தேவை. நான் ஃபத்வா கொடுக்கவில்லை. அதற்குத் தகுதியுடையவனும் அல்லன். அவரோடு நாம் கூலி பேசவில்லை என்பதும், ஒரு பொருளைக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் இடத்தில் வாங்குவது தடுக்கப்படவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் தடுக்கப்படாத ஒவ்வொன்றும் ஒரு முஃமினுக்கு அழகாகிவிடுவதில்லை. இஹ்ஸான் என்று ஒன்று இருக்கிறது. சட்டம் கேட்காத இடத்திலும் மனிதனின் ஹக்கை நினைப்பதே அது.

பி.டி.எஃப். விவகாரத்தில் இந்தச் சமாதானமும் செல்லாது. 1988ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டது, அதில் அத்துமீறுதல் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. தஃப்ஸீர் நூலையும் சீறா நூலையும் திருட்டுப் பிரதியாக அனுப்பிவிட்டு, அதன் அடியில் "நன்மையை நாடிப் பகிருங்கள்" என்று எழுதும் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது?

இத்தொழில் நமக்குப் புதிதா?

புத்தக விற்பனை நம் நாகரிகத்தில் எத்தகைய இடத்தில் இருந்தது என்பதை மறந்துவிட்டோம். அப்பாஸியர் காலத்து பாக்தாதில் நூல்களைப் படியெடுத்து, தாளும் நூலும் விற்றவர்களுக்கு "வர்ராக்" என்று பெயர். 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யஅகூபி, அந்நகரின் ஒரு பகுதியில் மட்டும் 100க்கும் மேற்பட்ட வர்ராக் கடைகள் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். பேரறிஞர் ஜாஹிழ், இக்கடைகளை வாடகைக்கு எடுத்து உள்ளே தங்கிப் படித்தார் என்ற செய்தி உண்டு. அவர் வாடகை கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். படம் பிடித்துக்கொண்டு போய்விடவில்லை.

அந்த வர்ராக்குகளில் ஒருவர்தாம் இப்னு நதீம். ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987 அளவில், தம் காலம் வரை அரபியில் எழுந்த நூல்களையும் அவற்றை ஆக்கியோரையும் தொகுத்து "அல்ஃபிஹ்ரிஸ்த்" என்னும் பெருநூலை எழுதினார். அந்நூல் பத்துப் பகுதிகள் கொண்டது. குர்ஆன், இலக்கணம், வரலாறு, கவிதை, கலாம், ஃபிக்ஹ் ஆகியவற்றுக்கு முதல் ஆறு பகுதிகளைத் தந்தவர், தத்துவம், கதைகள், பிற சமயக் கொள்கைகள், இரசவாதம் ஆகியவற்றுக்கு எஞ்சிய நான்கையும் ஒதுக்கினார். அவற்றுள் பல இன்று அழிந்துவிட்டன. அவை இருந்தன என்பதையே அந்த ஒரு புத்தக வியாபாரியின் குறிப்பால்தான் உலகம் அறிகிறது. எந்தெந்த நூல்கள் உலகில் உள்ளன என்று சொல்லும் பணி, அரசவையிலிருந்து அன்றி, ஒரு கடைக்காரரின் மேசையிலிருந்து நடந்தது.

"செயலியே பரிந்துரைக்கிறதே!"

இளைஞர்கள் இதைச் சொல்வார்கள். கடைக்காரர் ஒருவர் படித்திருப்பது சில நூறு நூல்கள். இணையத்தளத்துக்கு இலட்சக்கணக்கான நூல்களும் வாசகர்களும் தெரியும். அது தரும் பரிந்துரை மேலானதல்லவா?

அது எப்படிப் பரிந்துரைக்கிறது என்று பாருங்கள். இதை வாங்கியவர்கள் வேறு எதை வாங்கினார்கள் என்று கணக்கிடுகிறது. ஆகவே ஏற்கெனவே விற்பதே மேலும் கண்ணில் படும். இன்னொரு பகுதி, விளம்பரக் கட்டணம் செலுத்தியவர் வாங்கிய இடம். கட்டணம் வாங்கிக்கொண்டு முன்வரிசையில் வைப்பது இணையத்தின் கண்டுபிடிப்பும் அன்று. பிரிட்டனின் பெரிய தொடர்நிறுவனமான வாட்டர்ஸ்டோன்ஸ் கடைகளிலும் பதிப்பகங்கள் பணம் கொடுத்து முன்மேசையில் இடம்பிடிக்கும் வழக்கம் இருந்தது. 2011இல் அதன் பொறுப்புக்கு வந்த ஜேம்ஸ் டான்ட், அதுவரை சொந்தமாகச் சிறு கடைகள் நடத்தியவர். அவர் அந்தப் பணமே வேண்டாம் என்று நிறுத்தி, எந்த நூலை முன்வைப்பது என்ற முடிவை அந்தந்தக் கடையின் ஊழியர்களிடம் விட்டார். வீழ்ந்துகொண்டிருந்த நிறுவனம் அதன் பிறகு நிமிர்ந்தது. காசு வாங்கிச் சொன்ன சொல்லுக்கும் படித்துச் சொன்ன சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை வாசகர்கள் உணர்ந்தார்கள்.

அமெரிக்காவில் தனித்தியங்கும் கடைகள் மாதந்தோறும் ஒரு பட்டியல் வெளியிடுகின்றன. வெளிவரவிருக்கும் நூல்களின் முன்பிரதிகளைக் கடைக்காரர்கள் படிக்கிறார்கள். பிடித்த நூலைப் பற்றிச் சில வரிகள் எழுதி முன்மொழிகிறார்கள். மிகுதியான ஆதரவு பெற்றவை பட்டியலில் சேர்கின்றன. ஒவ்வொரு பரிந்துரையின் கீழும் சொன்னவரின் பெயரும் கடையின் பெயரும் இருக்கும். பெயர் இருப்பதால் பொறுப்பு இருக்கிறது. நூல் ஏமாற்றினால் மறுநாள் அவரிடமே போய்க் கேட்கலாம். செயலியிடம் யார் போய்க் கேட்பது? மறுமையில் அது எதற்குப் பதில் சொல்லும்?

புது நூலுக்கு இது உயிர்ப் பிரச்சினை. தமிழில் இன்று பல நூல்கள் சில நூறு பிரதிகளே அச்சாகின்றன. பெரும்பாலானவை சென்னைப் புத்தகக் கண்காட்சியை ஒட்டி ஒரே நேரத்தில் வெளிவருகின்றன. முதல் நூலோடு வரும் ஓர் இளம் முஸ்லிம் எழுத்தாளருக்கு விற்பனைக் கணக்கு எதுவும் இல்லை. ஆகவே செயலிக்கு அவர் இல்லாதவரே. அவர் நூலைப் பிரித்துப் படித்து, "இதைப் பாருங்கள்" என்று ஒருவர் கையில் கொடுத்தால்தான் அவருக்கு இரண்டாவது நூல் உண்டு.

பழைய நூல்களுக்கும் இதுவே நிலை. கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1885இல் "அசன்பேயுடைய கதை"யை வெளியிட்டார். தமிழின் தொடக்க கால நாவல்களில் ஒன்று அது. நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் "காதலா? கடமையா?" என்னும் நாவலை வெளியிட்டார். முஸ்லிம் பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த காலம். தோப்பில் முஹம்மது மீரானின் "சாய்வு நாற்காலி"க்கு 1997இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. நம் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இப்பெயர்கள் தெரியும்? எந்தத் தளம் தானாக முன்வந்து அவர்களிடம் இவற்றைக் காட்டியது? "உன்னைப் போன்ற ஒரு பெண் 1938இலேயே எழுதியிருக்கிறாள் அம்மா" என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

"எங்கள் வருமானத்துக்குத் தள்ளுபடி தேவை"

இது நியாயமான சொல். மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பங்களை நான் குறை கூறவில்லை. அவர்களுக்கு நூலகம் இருக்கிறது. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம், ஊர்தோறும் கிளை நூலகங்கள். அங்கே இரவல் வாங்கிப் படிப்பது யாருடைய ஹக்கையும் பறிக்காது. நான் பேசுவது வசதியிருந்தும் 90 ரூபாய்க்குக் கணக்குப் பார்த்த என்னைப் போன்றவர்களைப் பற்றி. வலீமாவில் வீணாகும் பிரியாணிக்குக் கணக்குக் கேட்காத நாம், புத்தகக் கடையில் மட்டும் உமர் (ரலி) அவர்களின் சிக்கனத்தை நினைவுகூர்கிறோம்.

வேறு நாடுகள் இதைச் சட்டத்தாலேயே தடுத்திருக்கின்றன. பிரான்சில் 1981ஆம் ஆண்டின் சட்டப்படி, புது நூலுக்கு எவரும் 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தர முடியாது. ஜெர்மனியிலும் நூல் விலை சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்டுள்ளது. எங்கே வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே விலை என்பதால் நல்ல ஆலோசனை எங்கே கிடைக்கிறதோ அங்கே மக்கள் போகிறார்கள். பிரிட்டனிலும் இத்தகைய ஓர் உடன்பாடு இருந்தது. 1990களில் அது முறிந்தது. பேரங்காடிகளும் இணையமும் விலையை வெட்டத் தொடங்கின. அடுத்த இருபதாண்டுகளில் அங்கிருந்த தனிக் கடைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழாகச் சரிந்தது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. ஆகவே இங்கே அந்தச் சட்டத்தின் இடத்தில் நிற்க வேண்டியது நம் மனசாட்சிதான்.

கடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை

வாங்குவோரை மட்டும் கண்டித்துவிட்டு நிறுத்தினால் அது நீதியாகாது. பரிந்துரை அமானிதம் என்றால் அதில் மோசடியும் உண்டு. ஈரமான தானியத்தை அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே குவித்து வைத்திருந்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. படிக்காத நூலை "மிக அருமையான நூல்" என்பதும், விற்காமல் தேங்கியதைத் தள்ளிவிடப் புகழ்வதும், நண்பரின் நூல் என்பதற்காகவே வாங்கச் சொல்வதும் அந்த ஈரத் தானியமே.

நம் சமூகத்தார் நடத்தும் கடைகளும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். மாநாட்டுத் திடல்களிலும் பள்ளிவாசல் வாயில்களிலும் நாம் விரிக்கும் மேசைகளில் தத்தம் அமைப்பின் வெளியீடுகளைத் தவிர வேறு என்ன இருக்கிறது? மாற்றுக் கருத்துடைய ஆலிமின் நூலைக் கேட்டால் முகம் சுளிக்கிறோம். நாவல் கேட்ட பிள்ளையிடம் "அதெல்லாம் எதற்கு?" என்கிறோம். அத்தரும் தொப்பியும் முன்னால், நூல்கள் பின்னால். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் கைப்பேசிக்குத் திரும்புகிறது. தம் கொள்கைக்கு மாறான நூல்களுக்கும் தம் பட்டியலில் இடமளித்த இப்னு நதீமின் வாரிசுகள் என்று நம்மை எப்படிச் சொல்லிக்கொள்வது? 1977இல் முதலாவது சென்னைப் புத்தகக் கண்காட்சி நடந்தது அண்ணா சாலையின் மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்தில். எல்லாப் பதிப்பகங்களும் எல்லா வாசகர்களும் கூட ஒரு மதரஸாவின் பெயர் தாங்கிய பள்ளி இடமளித்தது. அந்தப் பரந்த மனம் நம் கடை மேசைக்கும் வர வேண்டும்.

எதை இழக்கப் போகிறோம்?

புத்தகக் கடையின் மதிப்பை அதன் பகைவர்கள் நம்மைவிட நன்கு அறிந்திருக்கிறார்கள். 2021 மே மாதம் காஸாவில் சமீர் மன்சூர் புத்தகக் கடை இஸ்ரேலிய வான்தாக்குதலில் தரைமட்டமானது. உலகெங்கிலுமிருந்து மக்கள் பணமும் நூல்களும் அனுப்பினார்கள். 2022 பிப்ரவரியில் அது மீண்டும் திறக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் கிழக்கு ஜெருசலேமின் எஜுகேஷனல் புக்ஷாப் என்னும் பலஸ்தீனக் கடைக்குள் இஸ்ரேலியக் காவலர்கள் நுழைந்து நூல்களை அள்ளிச் சென்று, கடையை நடத்துவோரைக் கைது செய்தார்கள். குற்றச்சாட்டுக்குச் சான்றாக அவர்கள் காட்டியவற்றுள் குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகமும் ஒன்று. எந்த நூலை யார் கையில் கொடுப்பது என்று அறிந்த ஒரு கடைக்காரரைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது.

அங்கே கடையை மூடக் குண்டும் காவல்துறையும் தேவைப்பட்டன. நம் ஊரில் எதுவும் தேவையில்லை. ஆளுக்கு 90 ரூபாய் மிச்சம் பிடித்தால் போதும். கடை தானாக மூடிவிடும். பிறகு நம் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம் என்று சொல்லப் போகிறவர் விளம்பரத்துக்குப் பணம் கட்டியவர் மட்டுமே.

ஆகவே சகோதர சகோதரிகளே, நான் வேண்டுவது பெரிதன்று. ஆலோசனை கேட்ட இடத்திலேயே அந்த நூலை வாங்குங்கள். கையில் நூல் இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லிக் காத்திருங்கள். "நீங்கள் படித்தீர்களா?" என்று அவரிடம் தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. படித்து முடித்த பின் பிள்ளையை அழைத்துச் சென்று, நூல் எப்படி இருந்தது என்று அவரிடம் சொல்லச் செய்யுங்கள். அது அவருடைய உரிமை. பெருநாள் பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகள் அங்கே செலவிடட்டும்.

மகள் கேட்ட கேள்விக்குப் பின் நான் அக்கடைக்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவாயில்லை பாய். பிள்ளை படித்தாளா?" என்று மட்டும் கேட்டார். இப்போது மாதம் ஒருமுறை போகிறோம். அன்று அலமாரிக்குத் திரும்பிய அந்த மூன்றாவது புத்தகத்தை, அவர் சொன்ன ஓராண்டு முடிந்ததும், சென்ற வாரம் அவரே எடுத்துக் கொடுத்தார். அச்சிட்ட விலைக்கே வாங்கி வந்தோம்.

"ஓதுவீராக" என்று தொடங்கிய வஹீயைச் சுமந்த உம்மத்தின் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதன்பால் நேர்மையாக வழிகாட்டும் மனிதர்களையும், அம்மனிதர்களின் ஹக்கைப் பேணும் உள்ளத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.